ஆறு வயதுப் பையனுக்கு ஜெபம் பாரமாகாமல் பழக்குவது எப்படி?

இரவு ஜெபமாலைக்கு உட்காரச் சொன்னால் பையன் அடம்பிடிக்கிறான் என்கிறீர்கள். முழு ஜெபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' என்ற ஜெபம் 53 தடவை வரும். ஆறு வயதுக்கு அது அதிகம்தான். பத்து தடவை சொன்னால் போதும், அதையும் அவனே முன்சொல்லட்டும். நடுவில் தூங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். (பாட்டி முறைப்பார், சமாளியுங்கள்.)

புதுச்சேரியில்தானே இருக்கிறீர்கள், இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் பூசை இல்லாத நேரத்தில் கூட்டிப்போங்கள். வண்ணக் கண்ணாடியில் இருக்கும் புனிதர்களைப் பார்த்து "இவர் யாரு?" என்று அவனே கேட்பான். அப்போது சொல்கிற கதை மனதில் நிற்கும். 'சேட்டை பண்ணினால் சாமி கண்ணைக் குத்தும்' என்ற மிரட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்புறம், ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு (பிள்ளைகளுக்கான வேதபாடம்) தவறாமல் அனுப்புங்கள். பாதிப் பிள்ளைகள் அங்கே போவது கூட்டாளிகளுக்காகத்தான், அதில் தப்பில்லை.