டிஸ்க் மாறியதும் சாம்பிள்கள் எங்கே போயின?

கேள்வி: கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். விண்டோஸ் லேப்டாப்பில், பதிவு செய்த வாத்திய ஒலிகளை (சாம்பிள்களை) கீபோர்டில் வாசிக்க உதவும் காண்டாக்ட் என்ற மென்பொருளை வைத்து மேடையிலேயே வாசிப்பது வழக்கம். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் திணற ஆரம்பித்ததால் 2 டிபி எஸ்.எஸ்.டி ஒன்று வாங்கி, சாம்பிள் லைப்ரரிகளை எல்லாம் அதில் காப்பி செய்தேன். என் மாமா வாசித்த உறுமி, பம்பையை நானே பதிவு செய்து உருவாக்கிய ஒரு ஃபோல்டரும் அதில் உண்டு. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால், எதைத் திறந்தாலும் சாம்பிள்களைக் காணவில்லை என்கிறது. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி. 600 ஜிபியையும் மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டுமா? பழைய டிஸ்க்கைத் தம்பி கேட்கிறான், அழித்துக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். அதில் ஒரு ஃபைலைக்கூட இப்போது அழிக்காதீர்கள்.

டவுன்லோடு எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். சாம்பிள்கள் புதிய டிஸ்க்கில் இருக்கின்றன, காண்டாக்ட் தேடுகிற இடத்தில்தான் அவை இல்லை. ஒவ்வொரு லைப்ரரியும் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அது முழு விலாசமாகக் குறித்து வைத்திருக்கிறது. உங்கள் பழைய டிஸ்க் E என்ற எழுத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். காப்பி செய்யும்போது இரண்டையும் சேர்த்து மாட்டியிருப்பீர்கள். E ஏற்கெனவே பழையதற்குப் போய்விட்டதால் புதியதற்கு விண்டோஸ் F கொடுத்திருக்கும். காண்டாக்ட் இன்னும் E கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியது, புதிய டிஸ்க்குக்குப் பழைய எழுத்தைக் கொடுப்பதுதான். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' வரும். அங்கே புதிய டிஸ்க்கை அளவு பார்த்து அடையாளம் காணுங்கள். 2 டிபி டிஸ்க்கை விண்டோஸ் சுமார் 1863 ஜிபி என்று காட்டும், அது குறைபாடு அல்ல. அதன்மேல் ரைட் கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியைத் தேர்ந்தெடுத்து E கொடுங்கள். அதே மெனுவில் 'ஃபார்மட்' என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கும். கை அவசரப்படக் கூடாத இடம் அது.

எழுத்து மட்டும் பொருந்தினால் போதாது, ஃபோல்டர் பெயர்களும் அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும். பழையதில் நேராக 'சாம்பிள்ஸ்' என்று இருந்ததைப் புதியதில் 'நியூ ஃபோல்டர்' ஒன்றுக்குள் போட்டிருந்தால் வெளியே இழுத்து விடுங்கள். ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்துவதால் ஒரு நொடியில் முடியும். லைப்ரரிகளின் உள்ளே இருக்கும் அடுக்கை மட்டும் கலைத்துவிடாதீர்கள்.

இதற்குப் பிறகும் ஒன்றிரண்டு அடம் பிடித்தால், காண்டாக்ட் நிறுவனத்தின் லைப்ரரிகளை நிர்வகிக்கும் நேட்டிவ் ஆக்சஸ் மென்பொருளில் பதிவான லைப்ரரிக்கு அங்கேயே புதிய இடத்தைக் காட்டிவிடலாம். அதில் பதிவாகாதவற்றுக்கு, சாம்பிளைக் காணோம் என்று வரும் பெட்டியில் ஃபோல்டரைச் சுட்டிக்காட்டி, அப்புறம் அந்த இன்ஸ்ட்ருமெண்டை சேவ் செய்யுங்கள். சேவ் செய்யாவிட்டால் அடுத்த முறையும் அதே கேள்வியைக் கேட்கும். மொத்த ஃபோல்டரையும் ஒரேயடியாகத் திருத்த 'பேட்ச் ரீசேவ்' என்ற வசதி உண்டு. அது ஃபைல்களையே மாற்றி எழுதுவதால், அதை நிகழ்ச்சி முடிந்த பிறகு, வேறொரு பிரதி கையில் இருக்கும்போது செய்யுங்கள்.

கேபிளையும் பாருங்கள். போன் சார்ஜருடன் வரும் டைப் சி கேபிள்கள் பல, யூ.எஸ்.பி 2 வேகம்தான் தாங்கும். நடைமுறையில் நொடிக்கு 40 எம்பி போல. காண்டாக்ட் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை நீங்கள் வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து படிக்கிறது. பெடலை மிதித்தபடி ஸ்ட்ரிங்ஸில் பல ஸ்வரங்கள் சேர்ந்த பெரிய கார்டு பிடித்தால், அந்த வேகத்தில் ஒலி உடைந்து கேட்க வாய்ப்புண்டு. எஸ்.எஸ்.டி பெட்டியோடு வந்த கேபிளையே மாட்டுங்கள். மேடையில் டிஸ்க்கைத் தொங்கவிடாமல் லேப்டாப் மூடியின் பின்புறம் வெல்க்ரோ போட்டு ஒட்டிவிடுங்கள். யார் காலாவது இடறி கேபிள் கழன்றால் பாட்டு பாதியில் நின்றுபோகும். அன்றைக்கு எஸ்.எஸ்.டியை மாட்டிய பிறகே பென் டிரைவ் எதையும் செருகுங்கள். முதலில் செருகினால் E எழுத்தை அது எடுத்துக்கொள்ளக்கூடும்.

இனி உங்கள் உறுமி ஃபோல்டர். இதற்காகத்தான் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

பல வருடங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பெரியவரின் தவிலைப் பதிவு செய்தேன். வலந்தலையில் (வலப்பக்கம்) கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் (இடப்பக்கம்) குச்சி, ஒவ்வொரு தாளச் சொல்லையும் மெல்லியதிலிருந்து பலமாக வரை அலுக்காமல் வாசித்துக் கொடுத்தார். டிஸ்க் மாற்றிய இரவு காப்பி நடுவில் நின்று ஏதோ கேட்டது. 'ஸ்கிப்' அழுத்தினேன். விடிவதற்குள் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் தொப்பியில் குச்சி விழும் ஒலிகள் முழுவதும் இல்லை. திரும்பப் போய்ப் பதிவு செய்ய அவர் உயிரோடு இல்லை.

காசு கொடுத்து வாங்கியதைக் கணக்கில் நுழைந்து பெரும்பாலும் மறுபடி இறக்கிவிடலாம். மாமாவின் கையை எங்கிருந்து இறக்குவது? அதனால் இன்றிரவே பழைய டிஸ்க்கிலும் புதியதிலும் அந்த ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, ஃபைல்களின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றா என்று பாருங்கள். பிறகு காண்டாக்டில் திறந்து, கீழ்க் கட்டையிலிருந்து மேல் கட்டை வரை, மெதுவாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை வாசியுங்கள். அழுத்தத்துக்கு ஒரு ஃபைலாகத்தான் நீங்களும் பதிவு செய்திருப்பீர்கள். மெதுவாக மட்டும் தட்டிப் பார்த்தால் பலமான அடி காணாமல் போனது தெரியாது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு மாமா வீட்டில் கொடுத்துவிடுங்கள். தம்பிக்கு வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.