கேள்வி - பதில்: ஐரோப்பாவின் ஏஐ கொள்கை, எழுதுவது யார், ஏற்று நடத்துவது யார்?

ஐரோப்பிய அரசுகளின் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கொள்கை பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒரு நாட்டின் ஏஐ கொள்கையை உண்மையில் எழுதுவது அமைச்சரா, அதிகாரியா, கம்பெனிக்காரர்களா?
*பொது நிர்வாகம் படிக்கும் மாணவி, தஞ்சாவூர்*

நாட்டுக்கு நாடு மாறும். பின்லாந்தில் 2017 மே மாதம் பொருளாதார விவகார அமைச்சர் ஒரு வழிகாட்டுக் குழுவை அமைத்தார். தலைவர், நோக்கியாவில் உயர் பதவியில் இருந்த பெக்கா அலா-பியெட்டிலா. அதே ஆண்டு அக்டோபரில் முதல் அறிக்கை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முதலில் வெளிவந்த தேசிய ஏஐ வியூகம் அதுதான். பிரான்சில் கணித அறிஞரும் எம்.பி.யுமான செட்ரிக் வில்லானியிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். 2018 மார்ச்சில் அவர் அறிக்கை கொடுத்த கையோடு, 2022 வரை 150 கோடி யூரோ ஒதுக்குவதாக அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

ஜெர்மனியில் ஆராய்ச்சி, பொருளாதாரம், தொழிலாளர் நலம் என்று மூன்று அமைச்சகங்கள் கூடி எழுதின. 2018 ஜூலையில் அடிப்படைக் குறிப்புகள் மட்டும் அமைச்சரவைக்குப் போயின. அடுத்து நிபுணர் கூட்டங்கள், இணையவழிக் கருத்துக் கேட்பு. நவம்பர் 15 அன்று முழு வியூகம் ஒப்புதல் பெற்றது. மூன்று பேர் எழுதினால் இழுபறி இருக்கத்தான் செய்யும். ஆனால் தொழிலாளர் நல அமைச்சகம் உள்ளே இருந்ததால்தான், மறுபயிற்சியும் பணியிடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உள்ள உரிமையும் ஒப்புக்கு ஒரு பத்தியாக இல்லாமல் முக்கிய இடம் பிடித்தன. தொழில்துறை அமைச்சகம் மட்டுமே எழுதியிருந்தால் அவை இடம்பெற்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

சிக்கல் வந்தது வேறு பக்கத்திலிருந்து. 2025 வரை 300 கோடி யூரோ, கூடுதலாக 100 பேராசிரியர் பணியிடங்கள் என்று அறிவித்தார்கள். அங்கே பல்கலைக்கழகங்கள் மாநிலங்களின் கையில். பெர்லினில் இருக்கும் மத்திய அரசு பணம் தரலாம். பேராசிரியரை நியமிப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம், அதுவும் தன் நடைமுறைப்படி. அறிவிப்புக்கும் ஆள் வந்து உட்காருவதற்கும் நடுவே காலம் ஓடுவது இதனால்தான். எந்த நாட்டு அறிக்கையைப் புரட்டினாலும், பணம் எந்த அமைச்சகத்தின் கணக்கில் இருக்கிறது, அதைச் செலவிடும் அதிகாரம் அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இரண்டு இடத்தில் இருந்தால் தேதிகளை நம்பாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு நாட்டின் ஆவணத்தைப் படிக்க நேரம் இருக்கிறது. எதைப் படிக்கலாம்?
*வாசகர், திருநெல்வேலி*

எஸ்தோனியா, 2019. மூன்று ஆண்டுக்குக் குறைந்தது 1 கோடி யூரோ என்ற சின்ன பட்ஜெட். தனிச் சட்டம் தேவையா என்று நிபுணர் குழு ஆராய்ந்து, அடிப்படை மாற்றம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக வேலைப் பட்டியலுக்குப் போய்விட்டது. சின்ன நாடு, கையில் பணமில்லை. அதனால் அலங்காரமும் இல்லை.

கேள்வி: 27 நாடுகளும் தனித்தனியாக எழுதினால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்ன வேலை? ஒருங்கிணைப்பு என்பது கூட்டம் போட்டுக் கலைவதுதானா?
*ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மதுரை*

முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் நீங்கள் சொல்கிற மாதிரிதான். 2018 ஏப்ரல் 10 அன்று 24 உறுப்பு நாடுகளும் நார்வேயும் ஒத்துழைப்புப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. டிசம்பர் 7 அன்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒருங்கிணைந்த திட்டத்தை வெளியிட்டது. 2019 நடுப்பகுதிக்குள் எல்லா நாடுகளும் தேசிய வியூகத்தை முடிக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புதான், கட்டளை இல்லை. பள்ளிக்கல்வி, மருத்துவம், சமூக நலம் எல்லாம் முக்கியமாக அந்தந்த நாட்டின் அதிகாரம். 2021 தொடக்கத்தில் வியூகம் வெளியிட்டிருந்தவை 20 உறுப்பு நாடுகளும் நார்வேயும்தான். ஆணையத்திடம் இருந்தது இரண்டு கருவிகள்: ஆராய்ச்சி நிதி, நாடுகளை ஒப்பிட்டு அறிக்கை போடும் அதன் கூட்டு ஆராய்ச்சி மையம். பக்கத்து நாட்டுக்குப் பக்கத்தில் தன் பெயர் பின்தங்கி அச்சாவதை எந்த அமைச்சரும் விரும்புவதில்லை. அந்த வெட்கம் ஓரளவு வேலை செய்தது.

2021 ஏப்ரல் 21 அன்று ஆணையம் திட்டத்தைத் திருத்தியது. அதே நாளில் ஏஐ சட்டத்தின் வரைவையும் வைத்தது. திட்டம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும், சட்டம் கட்டாயப்படுத்தும். சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் சான்றளிக்கும் அமைப்புகளை அங்கீகரிக்க ஓர் ஆணையத்தையும், சந்தைக் கண்காணிப்புக்கு ஓர் ஆணையத்தையுமாவது 2025 ஆகஸ்ட் 2-க்குள் அறிவித்திருக்க வேண்டும். சந்தைக் கண்காணிப்பு ஆணையங்களில் ஒன்று பொதுத் தொடர்பு முனையாக இருக்க வேண்டும். நாட்டுக்கு ஒருவர் வீதம் உட்காரும் ஏஐ வாரியத்தில் இவர்களின் நடைமுறைகள் ஒத்துப்போகப் பேசிக்கொள்வார்கள். சாட்ஜிபிடி போன்ற சேவைகளுக்கு அடியில் இருக்கும் பொதுப்பயன் மாதிரிகளை மட்டும் பிரஸ்ஸல்ஸில் ஆணையத்துக்குள் இருக்கும் ஏஐ அலுவலகமே மேற்பார்வை செய்யும்.

இங்கேதான் நாடுகள் பிரிகின்றன. ஸ்பெயின் 2023-லேயே புது முகமை ஒன்றை உருவாக்கி அ கொருஞ்ஞா நகரில் வைத்தது. டென்மார்க் 2025 மே மாதமே நாட்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. இத்தாலி, ஏற்கெனவே இருந்த டிஜிட்டல் முகமைக்கும் சைபர் பாதுகாப்பு முகமைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. ஜெர்மனி தேர்ந்தெடுத்தது தொலைத்தொடர்பு, மின்சாரம், அஞ்சல், ரயில் எல்லாவற்றையும் பார்க்கும் வலையமைப்பு முகமையை. அயர்லாந்து துறைவாரியாகப் பல அமைப்புகளுக்குப் பங்கிட்டது. கெடுவைத் தவறவிட்ட நாடுகளும் பல. அதிகாரம் கொடுக்க நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். அதற்கு முன்னால் தரவுப் பாதுகாப்பு ஆணையமா, தொழில்துறை ஒழுங்குமுறையாளரா என்ற பங்காளிச் சண்டை தீர வேண்டும்.

புது முகமைதான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்கேன் படத்தில் கட்டியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சோதிக்க, மருத்துவக் கருவி விதிகளில் பழகிய கண் வேண்டும். அந்த ஆட்கள் பழைய துறைகளில்தான் இருக்கிறார்கள். புதிய முகமை அவர்களைச் சம்பளம் கொடுத்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.

கேள்வி: நெதர்லாந்தில் ஓர் அரசே ஏஐ-யால் கவிழ்ந்தது என்று படித்தேன். உண்மையா?
*வாசகி, யாழ்ப்பாணம்*

ஏஐ மட்டும் காரணம் என்றால் தவறு. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோரைக் குற்றம் சாட்டி, வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டது வரித்துறை. விண்ணப்பங்களில் யாரைச் சோதிப்பது என்று வரிசைப்படுத்திய இடர் மதிப்பீட்டு முறையில் குடியுரிமையும் ஓர் அளவுகோல். அதோடு, சின்னத் தவறுக்கும் முழுத் தொகையை வசூலிக்கும் கண்டிப்பான விதி, புகாரைக் காதில் வாங்காத அதிகாரிகள். 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அரசுக்கு அரசு அமைப்பே அபராதம்!

அதற்கு முன்பே, 2020 பிப்ரவரி 5 அன்று, நலத்திட்ட மோசடியைத் தேடும் 'சிரி' (SyRI) என்ற அரசு மென்பொருளை ஹேக் மாவட்ட நீதிமன்றம் நிறுத்தியிருந்தது. அது எப்படி இயங்குகிறது என்று யாராலும் சரிபார்க்க முடியவில்லை. தனிவாழ்வுக்கான உரிமைக்கு அது ஒவ்வாது என்பது தீர்ப்பு. இவற்றுக்குப் பிறகுதான் 2022 டிசம்பரில் அரசு அல்காரிதங்களுக்கான பொதுப் பதிவேடும், 2023 ஜனவரியில் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குள் அல்காரிதம் மேற்பார்வைக்குத் தனிப் பிரிவும் வந்தன. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். ஆனால் துறைகள் தாங்களே எழுதிச் சேர்க்கும் குறிப்புகள் அவை. விவரம் ஒரே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பிரிட்டன் என்ன செய்கிறது?
*வாசகர், சேலம்*

ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் ஏஐ சட்டம் அதற்கு இல்லை. 2023 மார்ச் வெள்ளை அறிக்கையில் ஐந்து கோட்பாடுகளைச் சொல்லி, அமல்படுத்துவதை அந்தந்தத் துறை ஒழுங்குமுறையாளரிடம் விட்டது. வேகமாக மாற்றிக்கொள்ளலாம் என்பது லாபம். இரண்டு துறைக்கு நடுவில் விழும் பிரச்சினைக்கு யாரும் பொறுப்பில்லை என்பது நஷ்டம்.

கேள்வி: வேலை விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தும் மென்பொருள் செய்கிறோம். ஜெர்மனியில் இரண்டு வாடிக்கையாளர்கள். எங்கள் அலுவலகம் இந்தியாவில்தான் இருக்கிறது. இந்தச் சட்டம் எங்களைத் தொடுமா?
*சிறு நிறுவன உரிமையாளர், கோவை*

தொடும். ஒன்றியச் சந்தையில் விற்றால் நிறுவனம் எங்கே இருந்தாலும் பொருந்தும். ஆளெடுப்பில் விண்ணப்பங்களை வடிகட்டுவது சட்டத்தின் மூன்றாம் இணைப்பில் 'உயர் இடர்' பட்டியலில் இருக்கிறது. 'நாங்கள் உதவி மட்டும் செய்கிறோம், முடிவெடுப்பது மனிதர்' என்று விலக்குக் கேட்கலாமே என்று தோன்றும். தனிமனிதர்களின் விவரத்தை வைத்து அவர்களை மதிப்பிடும் மென்பொருளுக்கு அந்த விலக்கு கிடையாது. பலர் சறுக்கும் இடம் இது.

செய்ய வேண்டியவை: ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்துபூர்வமாக நியமியுங்கள். இடர் மேலாண்மை, பயிற்சித் தரவின் தரம், மனித மேற்பார்வை ஆகியவற்றைத் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதுங்கள். அதை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தானாகப் பதிவாகும் லாக் குறைந்தது 6 மாதம். உங்கள் வகைக்கு வெளிச் சான்று அமைப்பு தேவையில்லை. உள் மதிப்பீடு செய்து, இணக்க உறுதிமொழியில் கையெழுத்திட்டு, ஒன்றிய விதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் சிஇ குறி போட்டு, ஒன்றியத் தரவுதளத்தில் பதிவு செய்தால் போதும். வாடிக்கையாளர் தன் பெயரில் உங்கள் மென்பொருளை விற்றால் தயாரிப்பாளர் பொறுப்பு அவருக்கு மாறும். இதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக்குங்கள்.

இந்தக் கடமைகளை மீறினால் அபராத உச்சவரம்பு 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 3 சதவீதம். பெரிய கம்பெனிக்கு இரண்டில் எது அதிகமோ அது. சிறு நிறுவனத்துக்கு எது குறைவோ அது. இந்தக் கடமைகள் அமலாகச் சட்டத்தில் முதலில் எழுதிய தேதி 2026 ஆகஸ்ட் 2. தொழில்நுட்பத் தரநிலைகள் தயாராகவில்லை என்று, இதை 2027 டிசம்பர் வரை தள்ளிவைக்க 2025 நவம்பர் 19 அன்று ஆணையம் முன்மொழிந்தது. ஒப்பந்தத்தில் தேதி எழுதும் முன் ஒன்றிய அரசிதழில் கடைசித் திருத்தத்தைப் பாருங்கள். ஆவண வேலையை மட்டும் அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். பயிற்சித் தரவு எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு ஆண்டு கழித்து உட்கார்ந்து எழுதுவது பெரும்பாடு.