தீபாவளி லீவில் அருவிக்குப் போகலாமா? எந்த மழையைச் சொல்கிறீர்கள்?

கும்பகோணம் பக்கம் இருக்கிறோம், தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒகேனக்கலோ குற்றாலமோ போக நினைக்கிறோம், மழைக்காலத்தில் அருவியில் தண்ணீர் நிறைய விழுமாமே, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மழையை நம்பி அருவி பார்க்கக் கிளம்பி, அருவியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தவன் நான். இதற்குப் பதில் சொல்ல அதைவிட என்ன தகுதி வேண்டும்?

நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை. வயலில் தண்ணீர் தேங்கி, வடிகாலை வெட்டிவிட மண்வெட்டியோடு இரவில் ஓடுகிற காலம். ஒகேனக்கலுக்கு மழைக்காலம் அது இல்லை. அங்கே விழுகிற தண்ணீர் ஆனி, ஆடியில் குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழை. குடகுத் தண்ணீர் கிருஷ்ணராஜ சாகரிலும், வயநாட்டுத் தண்ணீர் கபினியிலும் சேரும். கர்நாடகத்தில் இருக்கிற அந்த இரண்டு அணையும் நிரம்பிவிட்டால் உபரியைத் திறந்துதான் ஆக வேண்டும். அது காவிரியில், எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து ஒகேனக்கலில் விழுகிறது. அந்த நேரத்தில் தஞ்சாவூரில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒகேனக்கலிலேயே ஒரு சொட்டு மழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆறு பாறையை மூடிக்கொண்டு போகும். நாம் நிற்கிற இடத்து வானத்தைப் பார்த்து அருவியைக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். நான் செய்த தப்பே அதுதான்.

2024-ல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் வழக்கமான ஜூன் 12-க்கு மேட்டூர் அணை திறக்கவில்லை. அணையில் நாற்பது அடி சொச்சம்தான் தண்ணீர். போர்க்கிணறு இருந்தவர்கள் குறுவை நெல் போட்டார்கள், ஆற்றுத் தண்ணீரை நம்பிய எங்கள் பக்கத்து நிலமெல்லாம் தரிசு. ஆடி பிறந்தும் வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாதான் ஒருநாள், "காவிரி இந்தப் பக்கம் வர மாட்டேங்குது, நாமளாவது போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார். அவருக்கு அப்போது 74 வயது. அதுவரை அவர் பார்த்த அருவி என்றால் கல்லணையில் மதகு திறக்கும்போது விழுகிற தண்ணீர்தான்.

தங்கை குடும்பம், எங்கள் குடும்பம், அப்பா அம்மா என்று பதினொரு பேர். வேன் பேசி, ஜூலை 27 சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். புளியோதரை, தயிர்சாதம், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, எண்ணெய்க் குளியலுக்கு என்று அம்மா தனியாக எடுத்துக்கொண்ட துண்டு, எல்லாம் ரெடி. நாமக்கல், சேலம், தர்மபுரி என்று வெயிலோடு போனோம். பென்னாகரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போலீஸ்காரர்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். குளிக்கத் தடை, பரிசல் தடை, அருவிக்குப் போகிற நடைபாதை மூழ்கிவிட்டது, யாருக்கும் அனுமதி இல்லை.

மாப்பிள்ளை இறங்கிப் போய்ப் பேசிப் பார்த்தார். "இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம் சார், தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்துடறோம்." போலீஸ்காரர் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. பின் சீட்டில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது, ஏனென்றால் வாரக் கணக்காகச் செய்தியில் வெள்ளம் வெள்ளம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் "அப்போ அருவி சூப்பரா இருக்கும்" என்றுதான் புரிந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அப்பா ஜன்னலில் தலையை நீட்டி, "எவ்வளவு வருது தம்பி?" என்றார்.

"லட்சம் கனஅடிக்கு மேல போகுதுங்க ஐயா."

"லட்சமா!"

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வண்டியில் இருந்த அத்தனை பேரும் செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்க, அவர் மட்டும் விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மேட்டூர் எத்தனை அடி, எப்போது திறப்பார்கள், திறந்தால் எத்தனை நாளில் கல்லணை, நாற்றங்காலுக்கு எப்போது உழவு ஓட்டுவது. "சம்பா தப்பிச்சுது போடா" என்று என் தோளில் அடித்தார். வேன் வாடகை போன கவலையில் எனக்கு அது சுத்தமாக ரசிக்கவில்லை.

திரும்புகிற வழியில் மேச்சேரி போய் மேட்டூரில் நிறுத்தினோம். நீர்த்தேக்கம் நூறு அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஐம்பது அடிக்கு மேல் ஏறியிருக்கிறது. புளியோதரையை அங்கேதான் தின்றோம். அடுத்த நாள் அணையைத் திறந்துவிட்டார்கள். 30-ஆம் தேதி அணை 120 அடி நிரம்பியது. அதே நாள் விடியற்காலையில்தான் வயநாட்டில் மலை சரிந்து ஊர் ஊராக மண்ணுக்குள் போனது. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டே அம்மா, "நாம இந்த மழையையா வேடிக்கை பார்க்கப் போனோம்" என்றாள். ஆகஸ்டு 3, ஆடிப்பெருக்கன்று எங்கள் படித்துறையில் தண்ணீர். அருவியில் பார்க்க முடியாமல் விட்டுவிட்டு வந்த தண்ணீர் எங்கள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. பெண்கள் காப்பரிசி, கருகமணி, மஞ்சள் கயிறு என்று வைத்துக் கும்பிட, சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்தார்கள். என் மகன் மட்டும் தண்ணீரைக் காட்டி, "போலீஸ் மாமா விடலையே, இங்க மட்டும் விட்டாங்களா?" என்றான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஒகேனக்கல் போவதாக இருந்தால் உங்கள் ஊர் வானிலையைப் பார்க்காதீர்கள். செய்தியில் தினமும் வருகிற நீர்வரத்தைப் பாருங்கள், எத்தனை ஆயிரம் கனஅடி என்று. பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கி, பரிசல் ஓடுகிறது என்று கேள்விப்பட்டால்தான் நான் இனி வண்டி பேசுவேன். இது என் சொந்தக் கணக்கு, சட்டம் இல்லை. தீபாவளி சமயத்தில் அது எப்படியும் இருக்கலாம், அந்த வருஷ மழையைப் பொறுத்தது. மேலே அணைகள் நிரம்பிக் கிடக்கிற வருஷத்தில் ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தாலே வரத்து திடீரென்று ஏறிவிடும்.

நாங்கள் மறுபடியும் போனது ஒரு மாசி மாதம், அறுவடை முடிந்து. பரிசலில் போனோம், மீன் வறுவல் தின்றோம், அம்மா அந்தத் துண்டைக் கடைசியில் பயன்படுத்திவிட்டாள். தண்ணீர் கம்மிதான். ஆனால் பாறைகளைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போதுதான் போக வேண்டும். ஆடியில் அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குடைந்து குடைந்து கிணறு கிணறாகப் பள்ளம், இரண்டு ஆள் நுழைகிற சந்து.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் டெல்டாக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒரு திமிர். "நாங்க ஆத்துல நீந்தி வளர்ந்தவங்க" என்போம். நாம் நீந்தியது மணல் ஆறு. கால் வைத்தால் மணல், கரை பக்கத்தில், இழுத்துக்கொண்டு போனாலும் அடுத்த படித்துறையில் நாணலைப் பிடித்து ஏறிவிடலாம். பாறை ஆற்றில் அந்த வித்தை செல்லாது. இழுக்கிற தண்ணீர் சந்துக்குள் இழுக்கும்.

குற்றாலம் வேறு கதை. அங்கே சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்டு வரை, சாரலும் காற்றுமாக, அதுதான் குளிக்கிற காலம். தீபாவளிக்குப் போனால் நீங்கள் சந்திப்பது சாரலை இல்லை, வடகிழக்கு மழையை. மேலே மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும், உடனே தடை போடுவார்கள். வாசலில் துண்டோடு காத்திருக்க வேண்டியதுதான். தடை போட நேரம் கிடைக்காத நாளும் உண்டு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் அடித்துக்கொண்டு போய் இறந்தான். மே மாதம் என்பதைக் கவனியுங்கள், யாரும் மழைக்காலம் என்று சொல்லாத மாதம். எந்த அருவியானாலும் தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தால், சத்தம் மாறினால், சோப்பை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். காவலர் விசில் அடிக்கட்டும் என்று நிற்காதீர்கள்.

பக்கத்திலேயே போகலாமே என்று யாராவது கொல்லிமலை ஆகாயகங்கையைச் சொல்வார்கள். அருமையான இடம், பொய் இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும். மழையில் அந்தப் படி வழுக்கும், இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு ஐப்பசியில் போகாதீர்கள். ஆகாயகங்கையாக விழுகிற அதே ஐயாறு அடிவாரத்துக்கு இறங்கி வருகிற புளியஞ்சோலை திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மழை விட்டு நாலைந்து நாள் ஆன பிறகு போனால் பிள்ளைகளுக்கு அது போதும்.

தீபாவளிக்கே போயாக வேண்டும், பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால், என் யோசனை கல்லணை. சிரிக்காதீர்கள். மதகு திறந்திருக்கிற நாளாகப் பார்த்து, பாலத்தின் மேல் நின்று, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிந்து போவதைக் காட்டுங்கள். மதகுக்குக் கீழே இறங்கிக் குளிக்க மட்டும் விடாதீர்கள், சுழல் இருக்கிற இடம் அது. திரும்பும்போது திருவையாறு வழியாக வந்து அசோகா அல்வா வாங்கிக்கொள்ளுங்கள். சூடாகக் கேளுங்கள், டப்பாவில் அடைத்து வைத்தது வேண்டாம்.