வெயில் பிடிக்கும் என்று சொல்வது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோடையைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதிய சிறு குறிப்பில், வெயிலை விரும்புகிறவர்களின் கட்சியில் நீங்களும் ஓரளவு உண்டு என்று சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஒரு துணை கிடைத்தது போல இருந்தது. எனக்கு 34, 35 டிகிரி வெயிலில் நடப்பது உண்மையிலேயே பிடிக்கும். உடம்பு இளகிக்கொடுக்கிறது, மனமும் தெளிவாகிறது. ஆனால் வீட்டில் நான் தனியாள். என் மனைவி படுக்கையறையில் குளிர்சாதனத்தை 23ல் வைக்கிறார். எனக்கு 28 போதும், அதற்குக் கீழே போனால் போர்வை தேவைப்படுகிறது. அவர் என்னைப் பிடிவாதக்காரன் என்கிறார், நான் அவரைச் சொகுசுக்காரர் என்கிறேன். என் அப்பாவுக்கு 78 வயது. அவர் என்னையும் மிஞ்சியவர். நடுப்பகலில் சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று உட்கார்ந்திருக்கிறார். வெயில் பிடிப்பதும் பிடிக்காததும் பழக்கமா, பிறவியா, வெறும் மனப்பாங்கா? எல்லோருக்கும் பொதுவாகச் சரியான வெப்பநிலை என்று ஒன்று உண்டா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. பொல் ஓலே ஃபாங்கர் என்ற டேனிஷ் பொறியாளர் 1970ல் வெளியிட்ட ஆய்வுகளில், காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், சுவர்களின் சூடு, உடுத்திய துணி, உடல் செய்யும் வேலை ஆகிய ஆறையும் சேர்த்து, ஓர் அறையில் இருப்பவர்களுக்கு எது இதமாக இருக்கும் என்று கணக்கிட ஒரு சமன்பாட்டை அமைத்தார். இன்றும் கட்டடங்களின் குளிரூட்டல் பெருமளவு அதன் வழியில்தான் திட்டமிடப்படுகிறது. அந்தக் கணக்கின்படி ஆறும் மிகச் சரியாகப் பொருந்திவந்த அறையிலும் நூற்றில் 5 பேராவது அதிருப்தியோடுதான் இருப்பார்கள். எல்லோரையும் நிறைவு செய்யும் அறை அந்தச் சமன்பாட்டிலேயே கிடையாது. இதை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள், அவர் பக்கமும் இது பேசும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எண்கள் பேசும் விதத்தைப் பற்றி எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. 34 டிகிரி பிடிக்கும் என்கிறீர்கள். எந்த 34? வெயில், வெக்கை, அனல், காங்கை, புழுக்கம், இறுக்கம் என்று நம் மொழியில் இத்தனை சொற்கள் இருப்பது அழகுக்காக அல்ல. அவை ஒவ்வொன்றும் உடம்பில் வேறு இடத்தில், வேறு விதமாகப் படுகிற ஒன்றைச் சொல்கின்றன. வெயில் தலையிலும் தோளிலும் விழுவது. காங்கை தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் எழுந்து முகத்தில் அடிப்பது. புழுக்கத்துக்குத் திசையே கிடையாது, அது சட்டைக்குள்ளேயே இருக்கிறது. வெப்பமானி இவை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை முழுவதும் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் வால்பகுதி ஒரு சிறு கிண்ணத்து நீரில் முழுகியிருக்கும்படி அமைத்து, இரண்டையும் நிழலில், காற்றுப்படும் சன்னலருகே தொங்கவிட்டேன். ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு இரண்டு எண்களையும், அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்பதை ஒரு வரியிலும் குறித்துவைத்தேன். அந்த நோட்டில் உலர்ந்த வெப்பமானி 31 காட்டிய இரண்டு நாட்கள் இருக்கின்றன. ஒரு நாளில் ஈரத்துணி சுற்றியது 20ல் நின்றிருக்கிறது; பக்கத்தில், 'நல்ல வெயில், நடக்கப் போகலாம்' என்று எழுதியிருக்கிறேன். இன்னொரு நாளில் ஈரத்துணி 28 காட்டியிருக்கிறது. அங்கே என் கையெழுத்தே கோணலாக இருக்கிறது. 'சட்டை நாற்காலியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, எழும்போது உரிந்து வருகிறது. முழங்கைக்குக் கீழே காகிதம் நனைந்துவிட்டது. ஒன்றும் ஓடவில்லை.' இரண்டு நாளும் அதே 31தான்.

அந்த ஈரத்துணிதான் நம் தோல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அது எப்படியாவது வெளியேறியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால் தோலிலிருந்து அதுவாகவே போய்விடும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை, அதாவது ஏறத்தாழ 35 டிகிரியை, எட்டிவிட்டால் வியர்வை ஒன்றே வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அப்படிப் பார்த்தால் சும்மா இருக்கும் ஒருவருக்கு மணிக்கு 150 கிராம் வியர்வை முழுவதுமாக ஆவியானால் போதும். 'முழுவதுமாக ஆவியானால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலுக்குச் சிறிதும் உதவுவதில்லை. 1775ல் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கில மருத்துவர், 120 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேற்றிய உலர்ந்த அறைக்குள் சில நிமிடங்கள் நின்றுவிட்டு நலமாகவே வெளியே வந்ததை எழுதினார். அதே வெப்பத்தில் முட்டையும் இறைச்சியும் வெந்துபோயின. மாறாக, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியே 35 காட்டும் ஒரு நாளில், நிழலில் விசிறிக்கு முன்னால் நீர் அருந்தியபடி இருக்கும் திடகாத்திரமான இளைஞராலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010ல் இரு அறிவியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பின்னர் தன்னார்வலர்களை வைத்து நேரடியாகச் சோதித்தபோது, இளம் வயதினருக்கே உடல் வெப்பம் கட்டுமீறத் தொடங்கும் எல்லை ஈரம் மிகுந்த காற்றில், அதே ஈரத்துணி வெப்பமானியின் 31ஐ ஒட்டியே வந்துவிடுவது தெரிந்தது. அதனால்தான் உங்களிடம் எந்த 34 என்று கேட்டேன். நீங்கள் விரும்புவது உலர்ந்த காற்றையும் ஆவியாகும் வியர்வையையும்தான் என்று நினைக்கிறேன்.

பழக்கமா, பிறவியா என்ற கேள்விக்கு இரண்டும் என்று சொல்லலாம். இரண்டுக்கும் நடுவிலும் ஒன்று இருக்கிறது. வியர்வையைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ, நாம் பிறக்கும்போதே வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் இருந்தாலும், அவற்றில் எத்தனை வேலை செய்யத் தொடங்கும் என்பது வாழ்வின் முதல் இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முடிவாகிவிடுகிறது என்று கண்டார். வெப்பமான இடத்தில் அந்த ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு வேலை செய்யும் சுரப்பிகள் அதிகம். நினைவில் ஒரு படம்கூடத் தங்காத அந்த நாட்களின் வெயில், உடம்பில் மட்டும் எழுதப்பட்டுவிடுகிறது. இதை முதன்முதலாகப் படித்தபோது நெடுநேரம் வேறெதையும் என்னால் படிக்க முடியவில்லை.

அதற்கு மேல் பழக்கம் வருகிறது. தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் வெப்பத்தில் புழங்கினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அளவிலும் கூடுகிறது, அதில் உப்பு குறைகிறது. கோடையின் தொடக்கத்தில் நம்மைச் சுருட்டிப் போடும் அதே வெப்பம் கோடை முடியும்போது சாதாரணமாகத் தெரிவது இதனால்தான். சில வாரம் விலகியிருந்தால் இந்தப் பழக்கம் கரைந்தும் போய்விடும். மனமும் இதில் சேர்கிறது. 1998ல் டி டியர், பிரேகர் என்ற இரு ஆய்வாளர்கள் உலகின் பல பகுதிகளில் 160 கட்டடங்களிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 21,000 பதிவுகளை ஆராய்ந்தபோது, சன்னலைத் தாங்களே திறந்து மூடிக்கொள்ளும் கட்டடங்களில் இருப்பவர்கள், வெளியே வெப்பம் ஏற ஏறத் தங்களுக்கு இதமான வெப்பநிலையையும் மேலே நகர்த்திக்கொள்வதைக் கண்டார்கள். முழுவதும் குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் இருப்பவர்களிடம் அந்த நகர்வு குறைவாகவே இருந்தது. எண்ணைவிட, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சன்னல் இருப்பது பெரிது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே உங்கள் மனைவியைச் சொகுசுக்காரர் என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அது நியாயமில்லை, உண்மையும் இல்லை. பொதுவாகப் பெண்களே குளிரை அதிகம் உணர்கிறார்கள் என்பார்கள். அலுவலகக் குளிரூட்டலுக்கு அடிப்படையான உடல்வெப்பக் கணக்கு 40 வயதுள்ள, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை வைத்துப் போடப்பட்டது என்றும், அது பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை 35 விழுக்காடு வரை மிகைப்படுத்தக்கூடும் என்றும் 2015ல் இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். உங்கள் வீட்டில் அது நேர்மாறாக இருக்கிறது. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றியது, உங்கள் படுக்கையறையில் இருப்பவரைப் பற்றியது அல்ல. உடலின் பருமன், தசை, வயது, மாதத்தின் நாட்கள், மாதவிடாய் நிற்கும் காலத்தின் திடீர் அனல், தைராய்டு, அன்று பகலில் உடம்பு பட்ட பாடு ஆகிய அத்தனையும் ஒருவரின் 23ஐத் தீர்மானிக்கின்றன. அவர் தம் உடல் சொல்வதைத்தான் உங்களிடம் சொல்கிறார். குளிர்கிறவர் இன்னொரு போர்வையைப் போர்த்திக்கொள்ளலாம். புழுங்குகிறவர் தோலைக் கழற்றிவைக்க முடியாது. ஆகவே உங்கள் வழக்கில் நான் அவர் பக்கம். 25ல் வைத்து, விசிறியின் காற்று அவர் பக்கம் மட்டும் படும்படி செய்து பாருங்கள். நகரும் காற்று இரண்டு மூன்று டிகிரி குறைத்ததற்குச் சமமாக உணரப்படும்.

இனி உங்கள் விருப்பத்துக்கு வருகிறேன், அதில் எனக்கும் பங்கு உண்டு. 1971ல் மிஷேல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியலாளர் எளிமையான ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். உடலின் உள்வெப்பம் கூடியிருக்கும்போது கையைக் குளிர்ந்த நீரில் வைத்தால் அது பேரின்பமாக இருக்கிறது. உள்வெப்பம் குறைந்திருக்கும்போது அதே நீர் துன்பமாகிறது. இன்பம் நீரில் இல்லை, அந்த நேரத்தில் உடலுக்கு எது தேவையோ அதில் இருக்கிறது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நாம் சொல்வதற்கு மறுபக்கமும் உண்டு. குளிரூட்டிய அறையில் பல மணி நேரம் உட்கார்ந்து விரல்நுனிகள் விறைத்துப்போன பிறகு, கதவைத் தள்ளி வெளியே வருகிற அந்த முதல் அரை நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். வெயில் முதலில் புறங்கையில் படுகிறது, பிறகு பிடரியில். உயர்ந்து இறுகியிருந்த தோள்கள் தாமாகவே இறங்குகின்றன. நான் வெயிலை விரும்புகிறேன் என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தைத்தான் சொல்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்கள் 34 டிகிரி நடைக்கும் ஒரு முடிவு இருக்கிறது. நடந்து முடித்து, நிழலுக்கு வந்து, நீர் குடித்து, சட்டையை மாற்றிக்கொள்கிறீர்கள். கூரையற்ற இடத்தில் நாள் முழுதும் சுமை தூக்குகிறவரிடம் போய் வெயில் பிடிக்குமா என்று நாம் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. விலகிக்கொள்ளும் வழி உள்ளவருக்கே வெயில் ஒரு விருப்பமாக இருக்க முடியும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. உங்கள் அப்பா உங்களையும் மிஞ்சிய வெயில் பிரியர் என்கிறீர்கள். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று அவர் சொல்வதை அப்படியே, சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற வெப்பத்தை உணரும் திறன் மழுங்குகிறது, தாகம் தாமதமாக எடுக்கிறது, வியர்வை குறைகிறது, தோலுக்கு இரத்தத்தை விரட்டி வெப்பத்தை வெளியேற்றும் வேகமும் இதயத்துக்கு இருப்பதில்லை. நீர் பிரியக் கொடுக்கப்படும் மாத்திரைகளும் வேறு சில மருந்துகளும் இதை இன்னும் மோசமாக்கும். உங்களுக்கு வெப்பம் தெரிகிறது, பிடிக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டையும் ஒரே விருப்பம் என்று நீங்கள் எண்ணிவிட்டீர்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் வழக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 70,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் தங்கள் வீட்டு அறைகளிலேயே இறந்தார்கள்.

அவருடைய அறையில், அவர் உட்காரும் இடத்தின் உயரத்தில், ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். வெளியே உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்வரை சன்னலைச் சாத்தித் திரையிட்டிருப்பது சரிதான், அதில் அவர் சொல்வதே நியாயம். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். விசிறியை மட்டும் நிறுத்தவிடாதீர்கள். அறை 35ஐத் தாண்டும் நாட்களில் விசிறி தனியாகப் போதாது, சூடான காற்றைத்தான் அவர்மேல் வீசும்; அப்போது ஈரத்துணியால் கைகளையும் கழுத்தையும் நனைத்துவிட்டு விசிறிக்கு முன் உட்காரவையுங்கள், அல்லது மதிய வேளையை உங்கள் மனைவியின் 23 டிகிரி அறையில் கழிக்கச் சொல்லுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் நீர் கொடுங்கள். எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும், அவர் எடுக்கும் மாத்திரைகளைப் பற்றியும் அவருடைய மருத்துவரிடம் கோடை முற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னாலோ, வியர்த்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிராமல் உடம்பை நனைத்துக் குளிர்விக்கத் தொடங்கி, உடனே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

அவர் மறுப்பார் என்று தெரியும். என் வீட்டிலும் ஒருவர் மறுத்துக்கொண்டிருந்தார். உங்களுக்காக வேண்டாம், எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்காகப் போடுங்கள் என்று சொன்ன நாளில்தான் விசிறி சுற்றியது.