க்யூ வந்தால் யு வருமா? டீச்சரிடம் கேள்வி பதில்

நாகர்கோவில், ஒன்பதாம் வகுப்பு மாணவி: டீச்சர், க்யூவை எழுதினால் பின்னாலேயே யு போடணும்னு சொல்றாங்க. ஏன்?

பழைய ஆங்கிலத்தில் குயின், குயிக் போன்ற சொற்களைச் சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள், மக்ளே. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அந்த இடத்தில் க்யூ, யு போடத் தொடங்கினார்கள். ஆக, இங்கே யு உயிரெழுத்து இல்லை; க்யூவோடு சேர்ந்து 'க்வ்' என்று மெய்யாகவே ஒலிக்கிறது. இதைப் பிடித்துக்கொள், மற்ற பல விதிகள் இதிலிருந்தே வரும்.

தக்கலை: எக்விப் என்பதோடு ஈடி சேர்த்தால் பி ஒன்றா இரண்டா? எக்விப்மென்டில் ஒன்றுதானே இருக்கிறது?

இரண்டு பி. கடைசி அசையில் அழுத்தம் விழுந்து, ஒற்றை உயிரும் ஒற்றை மெய்யும் முடிவில் நின்றால், ஈடி, ஐஎன்ஜி சேரும்போது அந்த மெய் இரட்டிக்கும். எக்விப்பில் யு, ஐ என இரண்டு உயிர் தெரிகிறதே என்று பலர் ஒரு பி-யோடு விட்டுவிடுகிறார்கள். யுவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐ மட்டும்தான் உயிர். க்விட்டிங்கில் இரண்டு டி, க்விஸ்ஸின் பன்மையில் இரண்டு இசட் வருவதும் இதனால்தான். மென்ட் மெய்யில் தொடங்குகிறது, அதனால் எக்விப்மென்டில் இரட்டிப்பு இல்லை.

பன்மைக்கும் இதே கணக்கு. மங்கி என்பதில் ஒய்க்கு முன் உயிர் இருப்பதால் எஸ் மட்டும் போதும். சொலிலக்வி (நாடகத்தில் தனக்குத்தானே பேசுவது) என்பதில் ஒய்க்கு முன் யு இருந்தும் அது உயிர் ஆகாது. ஒய் போய் ஐ, ஈ, எஸ் வரும்.

குளச்சல்: மகன் கல்ஃபுக்குப் போறான். கத்தார் என்பதை யு இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். தப்பில்லையா?

தப்பே இல்லை. அரபியில் 'காஃப்' என்று அடிநாக்கிலிருந்து வரும் ஓர் எழுத்து உண்டு. அதற்கு நேராக ஆங்கிலத்தில் க்யூவை மட்டும் போடுவது வழக்கம். ஈராக், நிகாப், கவ்வாலி எல்லாம் அப்படி வந்தவை. ஆஸ்திரேலியாவின் விமான நிறுவனமான குவாண்டஸ் வேறு வகை: குவீன்ஸ்லாந்து, நார்தர்ன் டெரிட்டரி என்று தொடங்கும் பழைய பெயரின் முதலெழுத்துகள் அவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் காதர் என்ற பெயர் கே போட்டு இருந்தால் விசா படிவத்திலும் கேதான். அழகுக்காக க்யூ போட்டால் இரண்டு ஆவணங்களும் ஒத்துப்போகாது.

மார்த்தாண்டம்: மாத்தூர் தொட்டிப்பாலத்தை அக்விடக்ட் என்கிறோம். அதில் க்யூவுக்கு முன் சி உண்டா?

கிடையாது. தண்ணீரைக் குறிக்கும் லத்தீன் 'அக்வா'விலிருந்து வந்த அக்வேரியம், அக்வாடிக் எதிலும் க்யூவுக்கு முன் சி வராது. ஆனால் அக்விடக்டில் க்யூ, யு-வுக்குப் பின் ஈ வரும். ஏ போடுவதுதான் வழக்கமான பிழை. அக்வயர், அக்விட், அக்வெய்ன்ட் வேறு குடும்பம். லத்தீன் 'அட்' என்ற முன்னொட்டு 'க்' ஒலிக்கு முன் 'அக்' ஆகிவிட்டது, அதனால் சி கட்டாயம். காதுக்கு அந்தச் சி கேட்காது, பொருளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

குலசேகரம்: குவாலிட்டி என்று சொல்கிறோம், ஓ போட்டு எழுதினால் என்ன?

ஏதான் வரும். வாட்ச், வான்ட் சொற்களில் டபிள்யூவுக்குப் பின் ஏ 'ஆ' போலத் திரிகிறதல்லவா, க்யூ-யுவிலும் அப்படித்தான். குவான்டிட்டி, ஸ்குவாஷ், குவாரி எல்லாம் ஏ. மனுவில் குவாரி எழுதும்போது ஆர் இரண்டு.

இரணியல்: அமைதிக்கும் 'குவைட்', 'ரொம்ப' என்பதற்கும் 'குவைட்'. எது எது?

அமைதிக்கு ஐ, ஈ, டி. மற்றதற்கு ஐ, டி, ஈ. அமைதி இரண்டு அசை, 'குவை-எட்'.

தேங்காப்பட்டணம்: துறைமுகக் காகிதத்தில் க்யூ, யு, ஏ, ஒய் என்று ஒரு சொல். எப்படிப் படிப்பது?

'கீ'. படகு அணையும் மேடை. பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் பலவற்றில் 'வ்' ஒலி விழுந்து 'க்' மட்டும் நிற்கும். டெக்னிக், யுனிக், செக் மூன்றுமே க்யூ, யு, ஈ-யில் முடிகின்றன. வங்கிச் செக்கை அமெரிக்கர்கள் சி, கே போட்டு எழுதுவார்கள். நமக்கு அது வேண்டாம். கணினி சிவப்புக்கோடு போட்டால் மொழி அமைப்பில் அமெரிக்க ஆங்கிலத்தை எடுத்துவிட்டு இந்திய ஆங்கிலத்தையோ பிரிட்டிஷ் ஆங்கிலத்தையோ தேர்ந்தெடுங்கள்.