எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பூமிக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பாறையைக் குடையும் முனையான பிட் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஊகம்தான். கிணற்றுக்குள் சுற்றிவரும் சேற்றுக் கலவையான மட்டையும் அதோடு மேலே வருவதையும் கவனிக்கும் மட் லாகிங் கேபினில் ஏழு வருடம் உட்கார்ந்து நானும் ஊகித்திருக்கிறேன்.

பாறைத் துளைகளில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. அது மேலே வரை தொடர்பு விடாமல் இருந்தால், அழுத்தம் அவ்வளவு உயரத் தண்ணீரின் எடைதான்: 3000 மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 310 கிலோ. வில்லங்கம் செய்வது ஷேல் என்ற களிமண் பாறை. கிருஷ்ணா-கோதாவரி படுகை மாதிரி ஆறு வண்டலைக் கொட்டோ கொட்டென்று கொட்டிய இடங்களில், களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தண்ணீரே சுமக்கும். அழுத்தம் எகிறும்.

சரியாக அமுங்காத ஷேலில் பிட் சர்ரென்று இறங்கும். இதை வைத்துத்தான் 1966இல் ஜோர்டனும் ஷர்லியும் டி-எக்ஸ்பொனென்ட்டைக் கொண்டுவந்தார்கள். இறங்கும் வேகம், சுழற்சி, பிட் மேல் வைத்த எடை, பிட்டின் விட்டம் எல்லாம் சேர்ந்து ஓர் எண். மட்டின் கனத்துக்கான திருத்தம் பிறகு வந்தது. ஆழம் கூடக் கூட ஷேலில் இந்த எண்ணும் கூடவேண்டும். குறைய ஆரம்பித்தால் உஷார். வழக்கமான கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை 1975இல் ஈட்டன் தந்த சூத்திரத்தில் போட்டால் அழுத்தம் வந்துவிடும்.

கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வழக்கமான கோட்டைப் போடுவது மனுஷன்தான். இரண்டு ஜியாலஜிஸ்ட் உட்கார்ந்தால் இரண்டு கோடு. போதாக்குறைக்கு, இந்தச் சூத்திரம் உருளைப் பற்கள் கொண்ட பிட்டுக்காக உருவானது. செயற்கை வைரப் பற்களால் சுரண்டி எடுக்கும் பிடிசி பிட்டில் அதை முழுசாக நம்பினால் மோசம் போவோம்.

ஒரு கிணற்றில் அப்படித்தான் ஆனது. மட்டின் கனம் 1.30, அதாவது தண்ணீரைப் போல 1.30 மடங்கு; அந்தக் கனம்தான் பூமியின் அழுத்தத்தை அடக்கி வைக்கும். என் கணக்கு 1.24 போதும் என்றது, அதனால் நிம்மதியாக இருந்தேன். ராத்திரி ஷிப்டில் பைப் சேர்க்கப் பம்பை நிறுத்தும் ஒவ்வொரு முறைக்கும், அப்போது உள்ளே கசிந்தது மேலே வந்துசேர ஆகும் முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் கேஸ் ஒரு முள்ளாகக் குத்திட்டு நின்றது. முதலில் ஒரு சதவீதம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. மட்டைச் சலித்துப் பாறைத் துணுக்குகளைப் பிரிக்கும் ஷேக்கருக்கு ஓடினேன். பிட் வெட்டிய வழக்கமான துணுக்குகளோடு, விரல் நீளத்துக்குச் சிம்பு சிம்பாக, சற்றே வளைந்த ஷேல் துண்டுகள் கிடந்தன. பிட் வெட்டினால் அப்படி வராது. கிணற்றுச் சுவரே உள்ளிருந்து தள்ளப்பட்டு உதிர்கிறது என்று அர்த்தம். கையில் நான்கைந்தை எடுத்துக்கொண்டு போய், கிணற்றுக்குச் சொந்தமான கம்பெனியின் சார்பில் முடிவெடுக்கும் கம்பெனி மேன் மேஜையில் வைத்தேன். அவர் என் கிராஃபைப் பார்க்கவே இல்லை.

“எவ்வளவு ஏத்தணும்?”

“1.38 சார்.”

ஏற்றிய பிறகுதான் கீழே மணற்படிவம் வந்தது. லாகிங் கருவியை இறக்கி அந்த மணலில் அழுத்தத்தை நேரடியாக அளந்தபோது, அதை அடக்கத் தேவையான கனம் 1.33.