கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா திருவிழா நடத்தியது சரியா?

சரிதான், சுருக்கி நடத்தியதால். 2005 ஆகஸ்ட் 29 அன்று புயல் அடித்து, வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஆறே மாதத்தில், 2006 பிப்ரவரி 28 அன்று, கிறித்தவத் தவக்காலத்துக்கு முன் ஊர்வலங்களோடு கொண்டாடும் அந்தத் திருவிழா.

"அந்தப் பணத்தில் வீடு கட்டலாமே" என்று கேட்டவர்கள் பலர். ஆனால் அலங்கார ஊர்திகளுக்கும் அவற்றிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசியெறியும் மணிமாலைகளுக்கும் செலவழிப்பது 'க்ரூ' எனப்படும் கழகங்களின் உறுப்பினர்கள். ஊர்வலத்தை நிறுத்தினால் அந்தக் காசு நகராட்சிக்கு வந்துவிடாது. நகராட்சி தலையில் விழுவது போலீஸாரின் கூடுதல் நேரச் சம்பளமும் குப்பை அள்ளும் செலவும்தான். அதைத்தான் குறைத்தார்கள்: ஊர்வல நாட்கள் எட்டு, பாதை பெரும்பாலும் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ. பாதை ஒன்றானால் தடுப்பு வேலியும் காவலும் துப்புரவும் ஒரே இடத்தில் முடியும்.

பலர் கவனிக்காதது வடிகால். பம்பு வைத்து இறைத்தால்தான் மழைநீர் வெளியேறும் பள்ளமான ஊர் அது. அந்த அவென்யூவின் ஐந்து பிளாக் தூரத்து வடிகால்களிலிருந்து மட்டும் சுமார் 42 டன் மணிமாலைகளை வெளியே எடுத்ததாக 2018-இல் அறிவித்தார்கள். வெள்ளம் கண்ட ஊரில், ஊர்வலத்துக்கு முன்பே வடிகால் வாய்களுக்குத் தடுப்பு வைத்தே ஆகவேண்டும்.

வேறு ஊர்களில் சிதறிக் கிடந்து திரும்ப முடியாத ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் கோபம் வேறு. அது முழுக்க நியாயமானது. அவர்களுக்கு வீடும் ஊர் திரும்பப் பேருந்தும் கேட்டுப் போராடியிருக்க வேண்டும், ஊர்வலத்தை நிறுத்தியல்ல.

பாதுகாப்பு தர முடியாதபோது மட்டும் நிறுத்தலாம். 1979-இல் போலீஸ் வேலைநிறுத்தத்தால் நகரின் ஊர்வலங்கள் ரத்தாயின. 2021-இல் கொரோனாவால் ஊர்வலம் இல்லை; மக்கள் தங்கள் வீடுகளையே ஊர்திகளாக அலங்கரித்தார்கள்.